நிலாவுல பாட்டி டர்பன்ல ஏன் தலைகீழா இருக்கா?

காவடி முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன் ஊர்ல பௌர்ணமிய அண்ணாந்து பாத்தவங்க எல்லாம் கேள்வியா அனுப்பித் தள்ளிட்டீங்க. முடிஞ்சவரைக்கும் சொல்றேன்.

பிறைன்னா பூமியோட நிழல் நிலா மேல விழறதுதானே தம்பி? (டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியா அக்கா ஒருத்தங்க)

இல்லக்கா. பாதிப் பேரு இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க. லோட் ஷெட்டிங் (கரண்ட் கட்) இல்லாத ராத்திரியா பாத்து ரூம்ல ஒரே ஒரு பல்ப மட்டும் போட்டுட்டு, ஒரு நார்ச்சி பழத்த (சின்ன கமலா ஆரஞ்சு, நம்ம நார்த்தையிலேர்ந்து போன பேருதான் அது, இப்ப இங்கத்த ஆப்ரிகான்ஸ் மொழி வார்த்தை ஆயிடுச்சு) கைய நீட்டி தலைக்குக் கொஞ்சம் மேல புடிச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே மெதுவா சுத்துங்க. பல்ப் பக்கம் இருக்கும்போது நம்மளப் பாத்த பக்கம் இருட்டு, அது அமாவாசை. பக்கவாட்டுல வந்தா பாதி. பல்புக்கு முதுகு காட்டுனா முழு வெளிச்சம். எங்கயாச்சும் உங்க நிழல் பழத்துல விழுந்துச்சா? இப்ப பல்புக்கு முதுகு காட்டியே நின்னுக்கிட்டு கைய மட்டும் தலை உசரத்துக்கு இறக்குங்க, உங்க மண்டை நிழல் விழும், அதான் கிரகணம். 2025 செப்டம்பர் 7 ராத்திரி ஏழரை மணிக்கு மேல நிலா செவந்து போச்சே, அது இதுதான். மாசாமாசம் ஏன் வரலன்னா, நிலா சுத்துற பாதை 5 டிகிரி சாய்ஞ்சு இருக்கு, கண்ணுக்குத் தெரியிற நிலாவோட அகலமே அரை டிகிரிதான், அதனால பெரும்பாலும் நிழலுக்கு மேலயோ கீழயோ தப்பிச்சுப் போயிடும்.

மெட்ராஸ்லேர்ந்து சித்தி அனுப்புன போட்டோவுல நிலா வேற மாதிரி இருக்கு, ஒரே நாள்தான்?

நிலா அதேதான்மா, நீங்க நிக்கிற இடம் வேற. டர்பன் 30 டிகிரி தெக்க இருக்கு, இங்க நிலா எப்பவுமே வடக்கு வானத்துலதான் போகும். வடக்கப் பாத்து நின்னா மேற்கு இடது கைப்பக்கம், சாயங்காலம் சூரியன் அங்கதான் இருக்கும், அதனால வளர்பிறையில நமக்கு இடது பக்கம் வெளிச்சம். "வளர்பிறைன்னா வலது பக்கம்"னு புக்குல இருக்கிறது வடக்கத்தி நாட்டுக்காரங்க கணக்கு. மெட்ராஸ்ல மூணாம் பிறை சிவன் தலையில இருக்கிற மாதிரி படகா மல்லாந்து கிடக்கும். தெக்க பாத்துப் பௌர்ணமி பாக்குறவங்களுக்கு வடை சுடுற பாட்டி நேரா இருந்தா நமக்கு தலைகீழ். டர்பன்ல 1882-லேர்ந்து 1911 வரைக்கும் ஒரு அப்சர்வேட்டரி இருந்துச்சு, அதப் பாத்துக்கிட்ட எட்மண்ட் நெவில் நிலா பத்தி பெரிய புக்கே போட்ட ஆளு. அந்தக் காலத்து நிலா மேப்பெல்லாம் வடக்கத்திக்காரங்களுக்கு டெலஸ்கோப்புல தலைகீழா தெரியிற மாதிரி தெக்க மேல வெச்சுத்தான் வரைவாங்க, அதாவது நம்ம ஊர்ல வெறுங்கண்ணுக்குத் தெரியிற மாதிரியே. எனக்கு இது ரொம்பப் புடிச்ச விஷயம்.

நிலா தன்னைத்தானே சுத்தாதாமே, அதான் பின்பக்கம் எப்பவும் இருட்டா?

ரெண்டும் தப்பு. கோயில்ல பிரகாரம் சுத்துறீங்க, வலது தோள் எப்பவும் சாமி பக்கம். ஆனா ஒரு சுத்து முடியிறதுக்குள்ள உங்க மூஞ்சி நாலு திசையும் பாத்திருக்கும்ல? அதுதான் தன்னைத்தானே ஒரு சுத்து. நிலாவுக்கு பூமிய ஒரு சுத்து சுத்தவும், தன்னைத்தானே ஒரு சுத்து சுத்தவும் அதே 27.3 நாள், அதனாலதான் ஒரே பக்கம் தெரியுது. பின்பக்கத்துக்கும் ரெண்டு வாரம் வெயில், ரெண்டு வாரம் இருட்டு. 2019-ல சைனாக்காரங்க அங்க எறக்குன வண்டி சோலார்லதான் ஓடுச்சு.

இந்தியா காலண்டர்ல பௌர்ணமி ஒரு நாள், நம்ம கோயில் நோட்டீஸ்ல ஒரு நாள். யாரு தப்பு?

யாரும் தப்பில்லண்ணே, ஐயரத் திட்டாதீங்க. சரியான பௌர்ணமிங்கிறது ஒரு நொடிதான், சூரியனுக்கு நேர் எதிர்ல நிலா வர்ற நொடி, உலகத்துக்கே ஒண்ணுதான். ஆனா இந்தியாவுல விடிகாலை 2 மணின்னா நமக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை. திதியும் அப்படித்தான், அது சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல 12 டிகிரி கணக்கு, ஊருக்கு ஊரு சூரிய உதயம் வேற, அதனால தேதி மாறும்.

பகல்ல நிலா தெரியுதே, அபசகுனமா?

போங்கம்மா. நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் லேட்டா வரும், அப்ப மாசத்துல பாதி நாள் பகல்ல வந்துதானே ஆகணும்.

சூப்பர்மூன் கடல்ல எழும்பும்போது அவ்ளோ பெருசா இருந்துச்சே?

சூப்பர்மூன்னா பூமிக்குக் கிட்ட வர்ற பௌர்ணமி, ரொம்பத் தள்ளி இருக்கிற பௌர்ணமிய விட 14 சதவீதம் பெருசு, அவ்ளோதான். மத்ததெல்லாம் கண்ணோட வேலை. அடுத்த தடவை கைய நீட்டி சுண்டு விரல் நகத்த நிலாவுக்கு நேரா புடிங்க, உச்சிக்கு வந்ததும் திரும்பப் புடிச்சுப் பாருங்க, ரெண்டு தடவையும் நகத்துக்குள்ள அடங்கிடும்.