கை எரிச்சல், மரத்த விரல், ரப்பர் வைத்த ஸ்டெம்

மழைக்காலம் முடிந்து சாலைகளில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும் நாட்களில் கை வலியைப் பற்றிய கேள்விகள்தான் எனக்கு அதிகம் வரும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை சஸ்பென்ஷன் ஸ்டெம் பற்றியவை. ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவையோடு, பிடித்துவைக்கும் குட்டைத் துண்டுதான் ஸ்டெம். அதில் ஒரு அச்சும், உள்ளே ரப்பர் கட்டையோ சுருள்வில்லோ இருந்தால் அது சஸ்பென்ஷன் ஸ்டெம்.

அண்ணே, தினமும் காலையில் ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரை ரோடு பைக்கில் போய்வருகிறேன். 25 மி.மீ. டயர். பாதி தூரத்திலேயே உள்ளங்கை எரிகிறது. சஸ்பென்ஷன் ஸ்டெம் போட்டால் சரியாகுமா?

குறையும் தம்பி. ஆனால் அதற்கு முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. டயரில் எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வண்டி கொண்டுவருகிறவர்களில் பலர் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், டயரின் பக்கவாட்டில் 115 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அது டயர் தாங்கும் உச்ச அளவு. ஓட்டுவதற்கான அளவு அதைவிடக் குறைவு. கல்லாக இறுகிய டயர், சாலையில் கிடக்கும் ஒவ்வொரு ஜல்லியின் குத்தையும் அப்படியே கைக்கு அனுப்பிவிடும். 70 கிலோ எடையுள்ளவர் 25 மி.மீ. டயரில் முன்னால் 80, பின்னால் 85 என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். முன்சக்கரம் சுமப்பது குறைவு, அதனால் காற்றும் அங்கே குறைவாகவே போதும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். விடியற்காலை 30 டிகிரியில் 70 அடித்த டயர், வெயிலேறி 45 டிகிரிக்குச் சூடானால் 74-ஐத் தொடும். காலையில் உச்ச அளவுக்கு அடித்துவிட்டு பத்து மணிக்குத் திரும்பி வருகிறவர் அந்த அளவையும் தாண்டித்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்தது அகலம். ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இடம் இருந்தால் 28 போடுங்கள், 32 நுழைந்தால் இன்னும் நல்லது. 32-க்கு 55 பிஎஸ்ஐ போதும். டயரின் மேலும் பக்கத்திலும் குறைந்தது 4 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் சிறு கல் மாட்டி பெயின்டைச் சுரண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் கை அதிர்ந்தால் ஸ்டெம் வாங்குங்கள், பணம் வீணாகாது. மேடு வரும்போது ஹேண்டில்பார் அச்சைச் சுற்றி லேசாகக் கீழே இறங்கும், ரப்பர் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். மொத்த இறக்கமே 20 மி.மீ. அளவுதான், ஏறக்குறைய கட்டைவிரல் அகலம். அதனால் ஜல்லி பெயர்ந்த தார், ஒட்டுப்போட்ட இடங்களின் விளிம்பு, வைகைப் பாலங்களின் இணைப்பு, நான்கு வழிச்சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் சிறு தடைகள் ஆகியவற்றில் வித்தியாசம் உடனே தெரியும். பள்ளத்துக்கு இதை நம்பாதீர்கள். பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் முழு வேகத்தில் ஏறினால் எந்த ஸ்டெம்மும் காப்பாற்றாது.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் உணர்வு திரும்புகிறது. (திருமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை)

அம்மா, அந்த இரண்டு விரல்களுக்கும் போகிற அல்நார் நரம்பு, மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக உள்ளங்கையின் அடிமேட்டைக் கடந்து செல்கிறது. அந்த மேட்டை ஹேண்டில்பாரில் ஊன்றினால் நரம்பு அழுந்தும். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் வெகுகாலமாக இருக்கிற தொல்லைதான் இது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போனால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவில் போவது.

சஸ்பென்ஷன் ஸ்டெம் அதிர்வைத்தான் குறைக்கும். உடல் எடை கையில் சாய்ந்திருந்தால், ரப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நரம்பின் மேல் அதே அழுத்தம்தான். ஆளில்லாத சமமான சாலையில் மெதுவாக மிதித்தபடி, பிடியை விடாமல் கையை மட்டும் தளர்த்திப் பாருங்கள். உடல் முன்னால் சரிகிறதா? அப்படியானால் முதலில் சீட்டைப் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நாள் முழுதும் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், கைதான் தாங்க வேண்டியிருக்கும். சீட்டை மட்டமாக வையுங்கள். ஹேண்டில்பார் மிகத் தாழ்வாக இருந்தால் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டே கொஞ்சம் உயர்த்தலாம். முழங்கையை விறைக்காமல் லேசாக மடக்கி ஓட்டுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். உங்களைப் போல வந்தவர்களில் பலருக்கு இந்த அளவிலேயே தீர்ந்துவிட்டது. அப்படியும் நாள் கணக்கில் மரத்துப்போனால், சாக்பீஸ் பிடிக்கவே பலம் குறைகிறது என்றால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முன்னால் சாக் (அதிர்வு தாங்கி) வைத்த எம்டிபி, அதாவது மலைச் சைக்கிள். இதற்கும் போடலாமா?

வேண்டாம். இருக்கிற சாக்கையே பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். கணிசமான சைக்கிள்களில் அது இறுகிப்போய் வெறும் எடையாகத்தான் இருக்கிறது.

ஸ்டெம்மோடு பெட்டியில் ஐந்து ரப்பர்கள் வந்தன. நான் 58 கிலோ. எதைப் போடுவது? (நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பெட்டியில் எடைவாரியாக ஓர் அட்டவணை இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் ஒரே எடையுள்ள இரண்டு பேர் ஒரே மாதிரி குனிந்து ஓட்டுவதில்லை. நன்றாகக் குனிகிறவருக்குக் கையில் எடை கூடுதல், அவருக்குக் கொஞ்சம் கெட்டியான ரப்பர் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த மோசமான சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ரப்பரையும் போட்டு அதே தூரத்தை ஓட்டிப் பாருங்கள். கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலையைச் சுற்றி ஓட்டுகிறவர் என்றால் உங்களுக்கு இடம் தேட வேண்டியதே இல்லை. மேட்டில் ‘டக்’ என்று அடிமட்டத்தில் முட்டினால் இன்னும் கெட்டியானது வேண்டும். எதுவும் அசைவதாகவே தெரியவில்லை, கையும் அதிர்கிறது என்றால் மென்மையானதற்கு இறங்குங்கள்.

ஸ்டெம் சரியாக அமைந்தால் அது இருப்பதே மறந்துபோகும். கடையில் நின்றபடி ஹேண்டில்பாரைக் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அது வேண்டாம். ரப்பர் வெயிலில் சற்று இளகும். மார்கழி விடியலில் கச்சிதமாக இருந்தது சித்திரை மதியத்தில் தொளதொளப்பாகத் தெரிந்தால் ஒரு படி மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரில் பை மாட்டுகிறவர்களும் அந்த எடையைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நானே மாட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. வாங்கும் முன் இரண்டு அளவுகளைப் பாருங்கள். இன்றைய கியர் சைக்கிள்களில் ஃபோர்க்கின் மேல்குழாய் பெரும்பாலும் 28.6 மி.மீ., ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மி.மீ. பழைய ஹேண்டில்பார் 25.4 என்றால் நடுவில் ஒரு தகட்டு வளையம் வைக்க வேண்டும். நீளம் உங்கள் பழைய ஸ்டெம்மின் நீளமே இருக்கட்டும்.

மாட்டும்போது வரிசை முக்கியம். முதலில் மேல்மூடி போல்ட்டை இறுக்கி, ஹெட்செட்டில் (ஃபோர்க் திரும்புகிற பேரிங்கில்) ஆட்டம் போகிற அளவில் நிறுத்துங்கள். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டு போல்ட்டுகள், ஒன்று மாற்றி ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக. பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதும், ஸ்டெம்மின் மேலேயே எழுதியிருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பல வருடங்களுக்கு முன் கைக்கணக்கில் இறுக்கி, நண்பர் ஒருவரின் கார்பன் ஹேண்டில்பாரில் விரிசல் விட்டுவிட்டேன். வீட்டுத் தெருவிலேயே கண்ணில் பட்டது. இறக்கத்தில் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

இன்னொன்று, நம் பட்டறைகளில் எதையும் மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கம் உண்டு. இந்த ரப்பருக்கு அது ஆகாது, ஊதிப்போகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இணையத்தில் கால் விலைக்குக் கிடைக்கிறதே?

நானும் ஒன்று வாங்கிப் போட்டேன். நாலாவது மாதம் அச்சில் ஆட்டம் வந்துவிட்டது. விற்றவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பணம் போனதைக்கூட விடுங்கள், ஸ்டெம் உடைந்தால் நீங்கள் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அதனால் மலிவானதை வாங்காதீர்கள். நல்லதற்குக் காசு சேரும் வரை டயரிலும் காற்றிலும் கவனம் வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட் மேல் ஒரு விரலும் ஸ்டெம்மின் அச்சின் மேல் ஒரு விரலும் வைத்தால் ஆட்டம் எங்கே என்று தெரியும். ஹெட்செட்டில் என்றால் இறுக்கலாம். அச்சில் என்றால் ஓட்டுவதை அன்றே நிறுத்துங்கள்.

சிறுமலை ஏறும்போது எழுந்து நின்று மிதிப்பேன். பலம் வீணாகுமா?

நின்று மிதிக்கையில் ஹேண்டில்பார் கொஞ்சம் அசைவது தெரியும், முதல் வாரம் விநோதமாகவும் இருக்கும். ஆனால் சக்கரத்துக்குப் போகிற பலம் கால் வழியாகத்தான் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பலமாகப் பிரேக் பிடித்தால் முன்பக்கம் சற்றுத் தாழும். அதற்கு மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. 1990-களின் தொடக்கத்திலேயே மலைச் சைக்கிள்களுக்கு கிர்வின் ஃப்ளெக்ஸ்டெம், சாஃப்ட்ரைட் என்று வந்தன. ஃபோர்க்கே சாக்கோடு வரத் தொடங்கியதும் இவை மங்கிப்போயின. பிரான்சில் கற்கள் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கில்பர் துக்லோ-லசால் 1992-லும் 1993-லும் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் சாக் வைத்த ஃபோர்க்கை மாட்டிக்கொண்டு வென்றார். இப்போது ரோடு பைக்கோடு கரடுமுரடான பாதையில் இறங்குகிறவர்கள் பெருகியதால், கனமில்லாத இந்த ஸ்டெம் மறுபடி வந்திருக்கிறது.

அப்பாவுக்கு 68 வயது. உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்கு இன்னும் பழைய கறுப்புச் சைக்கிளில்தான் போகிறார். அவருக்கு ஒன்று மாட்டிக் கொடுக்கலாமா?

முடியாது. அந்த வண்டியில் ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டு, பிரேக் கம்பிகளும் அதிலேயே தொங்குகின்றன. ஆனால் வருத்தப்பட வேண்டாம், அந்தச் சைக்கிளை வடிவமைத்தவர்கள் மோசமான சாலையை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், முன்னால் நன்றாக வளைந்து நீண்ட ஃபோர்க், சுருள்வில் வைத்த சீட், நிமிர்ந்து உட்காரும் இருக்கை. கையில் எடையே சாய்வதில்லை. உங்கள் ரோடு பைக்கைவிட அப்பாவுக்குத்தான் சொகுசு அதிகம். சீட்டின் சுருள்வில் விட்டிருந்தால் மாற்றுங்கள், ஹேண்டில் கோனில் பால்ரஸ் தேய்ந்திருக்கும், புதிதாகப் போட்டுக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். டயரில் வெடிப்பு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.