கணவனிடம் அடிபட்டுத் திரும்பிய தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் கவுன்சலிங் உதவுமா?

உதவும். ஆனால் யாருக்காக, எதற்காக என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் தங்கை இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், சொந்தக்காரர்கள் "இரண்டு பேரையும் ஒருமுறை கவுன்சலிங்கில் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள், அவளோ எங்கும் வரமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் அக்காவுக்கும் ஊரே கூடி இதைத்தான் சொன்னது. நான் தாய்மாமன். அக்கா பிள்ளைகள் இன்று என் வீட்டில்தான் வளர்கிறார்கள். நான் வழக்கறிஞரும் இல்லை, மருத்துவரும் இல்லை. கூடவே அலைந்தவன், அவ்வளவுதான்.

எங்களுக்கு முதலில் நடந்த "கவுன்சலிங்" ஒரு காவல் நிலையத்தில். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. அக்காவையும் அவள் கணவனையும் ஒரே பெஞ்சில் அருகருகே உட்காரவைத்தார்கள். "ஏம்மா, அவர் சும்மாவா அடிப்பார்? என்னதான் பிரச்சினை?" என்று அக்காவிடம் கேட்டார்கள். அவன் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். சாப்பாடு நேரத்துக்கு இல்லை, எந்நேரமும் அம்மாவோடு போன், என் தம்பியை மதிப்பதில்லை. அக்கா தலை குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இடது காதுக்குக் கீழே வீக்கம் அப்படியே இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் "இனி ஒற்றுமையாக வாழ்கிறோம்" என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன்.

பின்னர் இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் இந்த விவரம் தெரிந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, அதற்கான விதிகள் 2006இல் வந்தன. வழக்கு நடக்கும்போது நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம் என்கிறது பிரிவு 14. ஆனால் அந்த ஆலோசனையில், தான் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு, அதாவது புகாருக்கு ஆளானவருக்கு, அனுமதி இல்லை. ஆரம்பிக்கும் முன்பே இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. நீதிமன்றம் அனுப்புகிற ஆலோசனைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், அந்தப் பெஞ்சில் நடந்தது என்ன? சாப்பாடு தாமதமானதை ஒருவன் காரணமாக எடுத்து வைக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட நிமிடமே அங்கு என் அக்காவுக்கு நீதி செத்துவிட்டது. ஆகவே உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அடி நடந்துகொண்டிருக்கும்போது இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால், உங்கள் தங்கையால் உண்மையைப் பேச முடியாது. பேசினால் அதற்கான கணக்கை வீட்டில் தீர்ப்பான்.

எங்களுக்கு உண்மையான உதவி 181 என்ற எண்ணிலிருந்து தொடங்கியது. பெண்களுக்கான உதவி எண், இரவும் பகலும் இயங்குகிறது. அவர்கள்தான் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். 'சகி' என்றால் பலருக்குத் தெரியும், ஒன் ஸ்டாப் சென்டர் என்பதும் அதுவே. மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாவற்றுக்கும் அங்கே வழி செய்கிறார்கள். அங்கிருந்த ஆலோசகர் அக்காவிடம் முதல் நாள் சமரசம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இரவில் தூங்குகிறாயா, சாப்பிட முடிகிறதா, அவனுக்கு நீ இருக்கும் இடம் தெரியுமா, பிள்ளைகளின் பள்ளி தெரியுமா என்றுதான் கேட்டார். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவைத் தனியாகப் பேசவிட்டார். கதவு திறந்தபோது அக்கா அழுது முகம் வீங்கி வந்தாள். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிள்ளைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் அவர்கள் ஒரு வரியில் முடிந்துவிட்டார்கள். மூத்தவன், என் மருமகன், அப்போது மூன்றாம் வகுப்பு. படுக்கும்போது அம்மாவின் முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வான். பிள்ளைக்கு அம்மா மேல் அவ்வளவு பாசம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். ஆலோசகர்தான் பொம்மைகளை வைத்து விளையாடவிட்டு, அவசரப்படாமல் கேட்டு, காரணத்தை வெளியே கொண்டுவந்தார். தூக்கத்தில் அம்மாவை யாராவது இழுத்துக்கொண்டு போனால் தான் விழித்துக்கொள்ள வேண்டுமாம். பழைய வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்று இவனும் அடி வாங்கியிருக்கிறான். ஆலோசகர் அவனிடம் சொன்னதை நான் கேட்டேன்: "அம்மாவைக் காப்பாற்றுவது உன் வேலை இல்லை தம்பி. அதற்குப் பெரியவர்கள் நாங்கள் இருக்கிறோம். சண்டை வந்தால் நீ நடுவில் போகக் கூடாது, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும்." 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எங்கள் வீட்டு முகவரியையும் மனப்பாடமாகச் சொல்லவைத்தார். சில மாதங்கள் கழித்து அந்த முடிச்சு தானாக நின்றுபோனது. இன்று அவன் தனிப் பாயில் உருண்டு புரண்டு தூங்குகிறான். இதற்குப் பெயர் சிகிச்சை இல்லை என்று யாராவது சொன்னால் நான் நேரில் வந்து பேசத் தயார்.

எங்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். என் அம்மா பேரன் எதிரிலேயே அக்கா கணவனைச் சபித்துக்கொண்டிருப்பார். "பாட்டி, அவர் கெட்டவர் என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆனால் இவனுக்கு அவர் அப்பா. அப்பாவைத் திட்டும்போது இவன் தன்னில் பாதியைத் திட்டுவதாக எடுத்துக்கொள்வான்" என்றார் ஆலோசகர். அம்மாவுக்கு அது சுருக்கென்று பட்டது. அப்பா மேல் பிள்ளைக்கு ஏக்கமும் இருக்கும், பயமும் இருக்கும். இரண்டையும் பேச அவனுக்கு இடம் வேண்டும்.

"குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும்" என்பார்கள். குடிநோய்க்குச் சிகிச்சை அவசியம், மறுக்கவில்லை. ஆனால் அக்கா கணவன் குடிக்காதபோதும் அடித்தான். தெருவில் வேறு யாரையும் அடிக்கவில்லை, மேலதிகாரியை அடிக்கவில்லை. யாரை அடிக்கலாம் என்று போதையிலும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுக் "குடும்பத்தைப் பிரிக்கிறான்", "பொய் வழக்குப் போடும் பெண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை" என்று சிலர் வருவார்கள். நானும் ஒருத்திக்குக் கணவன்தான், எந்த ஆணுக்கும் எதிரி இல்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் தெருவில் வீடுகளை எண்ணிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

ஒரு ஆதங்கத்தையும் கொட்டிவிடுகிறேன். அக்கா, பிள்ளைகளின் பெயரை எங்கள் ரேஷன் கார்டில் சேர்க்கப் பழைய கார்டில் பெயர் நீக்க வேண்டும். அந்தக் கார்டில் பதிவான கைபேசி எண் அவனுடையது. ஓடிபி அவனுக்குப் போகும். "கணவரிடம் கேட்டு வாங்கி வாங்கம்மா" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். எவனிடமிருந்து தப்பி வந்தாளோ அவனிடமே ஓடிபி கேட்கச் சொல்வதா? பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கும் அப்பாவின் கையெழுத்தைக் கேட்டார்கள். தனியாகப் பிள்ளைகளோடு வருகிற பெண்ணுக்கு எந்த அலுவலகத்திலும் ஒரு பாதை போட்டு வைக்கவில்லை. மனதைத் தேற்றி அனுப்புகிறார்கள், அடுத்த கவுண்டரில் அதே மனதை உடைக்கிறார்கள்.

கடைசியாக, தங்கை வரமறுப்பது பற்றி. இழுத்துக்கொண்டு போகாதீர்கள், இத்தனை நாள் அவளை இழுத்தவர்கள் போதும். நீங்களே 181-ஐ அழைத்து விவரம் கேளுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அலுவலரையும் அணுகலாம். வன்முறை நடக்கிறது என்று நம்புகிற எவரும் அவருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது மேலே சொன்ன குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 4. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். வெளியே வரவே பிடிக்கவில்லை என்றால் 14416-இல் தமிழிலேயே பேசலாம், மனநல உதவிக்கான அரசு எண் அது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முதலில் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அக்கா தனக்காக வரச் சம்மதிக்கவில்லை, மகனுக்காகத்தான் முதலில் படி ஏறினாள்.