பசை அட்டையும் பென்சில் ஓட்டையும்: வாசகர் கேள்விகள்

போன இதழ்ல "எலிக்கு பசை அட்டை வைக்காதீங்க, பல இடத்துல தடையே வந்தாச்சு"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். வந்த லெட்டர்ல பாதி அதப் பத்திதான், அதுலயும் பாதி திட்டு. சரி, இந்த தடவ எலிக்கே பக்கத்த ஒதுக்கிடுவோம்.

கேள்வி: தடை எங்கங்க இருக்கு? அடிக்கற பொறிக்கு இல்லாத தடை பசைக்கு மட்டும் ஏன்? எப்படியும் சாகப்போற எலிதானே சார்?

பதில்: உங்க கடைசி கேள்வியில இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்ததெல்லாம் அதுலதான் நிக்குது. நல்ல ஸ்பிரிங் பொறி சரியா விழுந்தா கொஞ்ச விநாடில கதை முடிஞ்சிடும், பசையில மாட்டினது மணிக்கணக்கா, சில சமயம் ஒரு நாளுக்கு மேலயும் கிடக்கும், தண்ணி கிடையாது, இழுக்க இழுக்க தோல் பிஞ்சு வரும், மாட்டின கால தானே கடிச்சுக்கும், மூக்கு பதிஞ்சிருச்சுன்னா மூச்சு முட்டியே சாகும். அட்டைக்கு ஆள் பாக்கவும் தெரியாது, பல்லி, குருவி, பாம்புக்குட்டின்னு எது வந்தாலும் ஒட்டிக்கும். தடை போட்டவங்க யாரும் எலிய வளர்க்க சொல்லல, இவ்ளோ நேரம் எடுத்து கொல்லாதீங்கன்னுதான் சொல்றாங்க.

நியூசிலாந்துல 2015ல இருந்து மினிஸ்டர் அனுமதி இல்லாம பசை அட்டை வைக்க முடியாது. வேல்ஸ்ல 2023 அக்டோபர்ல, கண்ணி வைக்கறதையும் சேத்து, ஒரேயடியா தடை. இங்கிலாந்துல சட்டம் 2022லயே பாஸ் ஆச்சு, அமலுக்கு வந்தது 2024 ஜூலை 31, லைசென்ஸ் வாங்கின பெஸ்ட் கண்ட்ரோல் ஆளுங்க மட்டும் வைக்கலாம், ஆனா கூத்து என்னன்னா விக்கறதுக்கு அங்க தடை இல்ல, வாங்கலாம், வச்சாதான் குத்தம்! அமெரிக்காவுல நாடு முழுக்க தடை இல்லைன்னாலும் கலிஃபோர்னியாவுல வெஸ்ட் ஹாலிவுட்னு ஒரு சின்ன நகரம் 2023ல தானே தடை போட்டுக்கிச்சு.

இந்தியாவுல விலங்கு நல வாரியம் இத நிறுத்த சொல்லி மாநிலங்களுக்கு எழுதுச்சு, பல மாநிலங்கள் சர்க்குலரும் விட்டாச்சு. அதுக்கு ஆதாரம் 1960ம் வருஷத்து மிருகவதை தடுப்புச் சட்டம், பிரிவு 11. முதல் தடவ மாட்டினா அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும், சிரிக்காதீங்க, 1960ல 50 ரூபாய் பெரிய காசு.

கேள்வி: அட்டையில ஒண்ணு மாட்டி உயிரோட கத்திட்டு இருக்கு, தூக்கிப் போடவும் மனசு வரல, கிட்ட போகவும் பயமா இருக்கு. என்ன பண்றது?

பதில்: லெட்டர் வந்து சேர்றதுக்குள்ள அது போயிருக்கும், ஆனாலும் அடுத்த தடவைக்கு சொல்றேன். வெறும் கையால தொடாதீங்க, கண்டிப்பா கடிக்கும், தடிமனான கிளவுஸ் போட்டுக்கோங்க. மேல ஒரு துணிய மூடினா கொஞ்சம் அடங்கும். ஒட்டியிருக்கற இடத்துல மட்டும் சமையல் எண்ணெய சொட்டு சொட்டா விட்டு மெதுவா தேச்சுக் குடுத்தா பசை இளகிடும், தண்ணி ஊத்தினா ஒண்ணும் நடக்காது. விடுபடற நேரத்துல மீதி பசை மேல காகிதம் போட்டு மூடிடுங்க, இல்லன்னா திரும்ப ஒட்டிக்கும். ரொம்ப அடிபட்டிருந்தா வெட்னரி டாக்டர்கிட்ட போறதுதான் நல்லது.

இன்னொண்ணு, பயத்துல அது அட்டை பூரா மூத்திரம் பேஞ்சிருக்கும், எலிக்காய்ச்சல் பரவறதே எலி மூத்திரத்தாலதான். அதனால அந்த இடத்த உடனே விளக்குமாறு எடுத்து பெருக்காதீங்க, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு, கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் துடைங்க. சுத்தமா இருக்கும்னு நம்பித்தான் நிறைய பேர் பசை அட்டை வாங்கறாங்க, எனக்கு அதுதான் இன்னிக்கும் புரியல.

கேள்வி: நான் கூண்டு வச்சு உயிரோட பிடிச்சு ரொம்ப தூரம் கொண்டு போய் விட்டுட்டு வரேன். புண்ணியம்தானே?

பதில்: பாதி புண்ணியம். ராத்திரி வச்ச கூண்ட மறுநாள் மதியம் பாத்தீங்கன்னா சுண்டெலி உள்ளயே செத்துக் கிடக்கும், அது சின்ன உடம்பு, பசியும் பயமும் சேந்து சில மணி நேரத்துல ஆள முடிச்சிடும். அதனால கூண்டு வச்சா அடிக்கடி பாக்கணும், உள்ள கொஞ்சம் தீனியும் கிழிச்ச காகிதமும் போடணும், முடியாதவங்க கூண்டு வைக்கவே வேணாம். தெரியாத இடத்துல கொண்டு விட்டதும் பெரும்பாலும் பிழைக்காது, ஒளியற இடமும் தெரியாது, தீனி எங்கன்னும் தெரியாது. பக்கத்துல விட்டா திரும்பி வருமேன்னு கேப்பீங்க. வரும், வழி தொறந்திருந்தா வரத்தான் செய்யும்.

கேள்வி: பிளக்ல சொருகினா எலிய விரட்டற சத்தம் வருமாமே, அந்த மெஷின் வாங்கலாமா?

பதில்: வேணாம். அந்த சத்தம் சுவர், பீரோவ தாண்டாது, எலிக்கும் கொஞ்ச நாள்ல பழகிடும். 2001லயே அமெரிக்க வணிக ஆணையம் இத விக்கற 60க்கும் மேல கம்பெனிகளுக்கு, ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிச்சு எழுதியாச்சு.

கேள்வி: அப்ப மருந்து வச்சிட வேண்டியதுதான். கண்ணு முன்னாடி சாகாது, தொல்லை இல்ல.

பதில்: கண்ணு முன்னாடி சாகாதுங்கறதுதாங்க தொல்லையே. இப்ப புழங்கற மருந்துல நிறைய, ரத்தம் உறையாம பண்றது, தின்ன எலி உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு சாக சில நாள் ஆகும், அதுவரைக்கும் தள்ளாடிட்டு வெளிய திரியும், அத ஆந்தையோ பூனையோ பிடிச்சா விஷம் அங்கயும் போகும். நியூயார்க்ல ஃபிளாகோன்னு ஒரு ஆந்தை, 2023 பிப்ரவரில யாரோ வலைய வெட்டிவிட்டதால சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சி சாலையில இருந்து தப்பிச்சு, ஒரு வருஷம் ஊரு எலிய பிடிச்சுத் தின்னே வாழ்ந்துச்சு, 2024 பிப்ரவரில செத்துக் கிடந்தப்ப உடம்புல நாலு வகை எலி மருந்து, கூடவே புறா வைரஸ். அந்த ஊர்ல அதுக்கப்புறம்தான் எலிக்கு கருத்தடை மருந்து வச்சுப் பாக்க அதோட பேர சொல்லியே ஒரு சட்டம் வந்துச்சு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்த மாதிரி மருந்துல வீரியமான ரகத்த சாதாரண ஜனங்க வாங்கி வைக்க முடியாதபடி 2023ல நிறுத்திடுச்சு.

கேள்வி: இதுவும் வேணாம், அதுவும் வேணாம். என்னதான் பண்ண சொல்றீங்க?

பதில்: ஒரு பென்சில் எடுங்க. கதவுக்கு அடியில, பைப் சுவருக்குள்ள போற இடத்துல, ஜன்னல் ஓரத்துல, பென்சில் நுழையற சந்து எல்லாத்துலயும் சுண்டெலியும் நுழையும், 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும் அதுக்கு. துணி, தெர்மாகோல் வச்சு அடைச்சா கடிச்சுத் தள்ளிடும், ஸ்டீல் வுல்ல, அதான் பாத்திரம் தேய்க்கற இரும்பு நார, நல்லா திணிச்சு மேல சிமெண்ட் பூசுங்க, சாக்கடை வாய்க்கு கம்பி வலை போடுங்க. தீனிய இறுக்கமா மூடற டப்பாவுல வைங்க, ராத்திரி குப்பைய மூடுங்க. ஒரு ஜோடி உள்ள தங்கிட்டா மூணு வாரத்துக்கு ஒரு ஈத்து, குட்டிங்க ஆறு வாரத்துல குட்டி போட ரெடி, எத்தன பொறி வச்சு சமாளிப்பீங்க? அடைச்சதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு உள்ள நின்னா நல்ல ஸ்பிரிங் பொறி வைங்க, மலிவு ரகம் வேணாம், அது பாதி அடியில விட்டுடும்.

ஆனா அடைக்கறதுக்கு முன்னாடி ஓட்டையில லேசா காகிதத்த சொருகி ரெண்டு மூணு ராத்திரி பாருங்க. காலையில காகிதம் வெளிய தள்ளிக் கிடந்தா இன்னும் போக்குவரத்து இருக்குன்னு அர்த்தம், அன்னிக்கு சிமெண்ட் பூசினீங்கன்னா சுவருக்குள்ள குட்டியோட செத்து வீடே நாறும். காகிதம் வச்சது வச்சபடி இருந்தா பூசிடலாம்.