ஜாமீன் போட மறுத்தால் நான் சுயநலக்காரியா?

எனக்கு வயது 31. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 22,000, அதில் 17,000 வீட்டுக்குப் போய்விடும். டேலி, ஜிஎஸ்டி வகுப்பில் சேர இரண்டு வருடமாக ஆசை. இப்போது லோடு ஆட்டோவுக்கு 3 லட்சம் கடன் வாங்க, தம்பி என்னை ஜாமீன் போடச் சொல்கிறான். போன தடவை அவன் வாங்கிய தண்டல் கடனையே நான்தான் கட்டி முடித்தேன். தயங்கியதும், "நீ எப்பவும் உன்னைத்தான் பார்ப்ப" என்றார் அம்மா. பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை.

- வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்தவர் பங்கைப் பறித்து வளர்வதுதான் சுயநலம். தன் வருமானத்தையும் தூக்கத்தையும் காப்பது தன்னைப் பேணுவது. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒரே சொல்லால் அடித்துவிடுகிறோம். அதனால்தான் அம்மாவின் வார்த்தை இப்படிச் சுடுகிறது.

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் மனித விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் நாம் முக்கியமாக நினைப்பவற்றை, 10 வகையாக்கி ஒரு வட்டத்தில் அடுக்கினார். அதில் சாதனையும், நெருங்கியவர் மீதான பரிவும் எதிரெதிர்ப் பக்கம். இந்த இழுபறி எல்லோருக்கும் உண்டு. உங்கள் குணக்கேடு அல்ல.

தண்டலைக் கட்டியது பாசத்தாலா, பேச்சுக்குப் பயந்தா? 14 நாள் ஒரு நோட்டு வையுங்கள். யாருக்காவது 'சரி' சொன்ன உடனே இரண்டு வரி: மறுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன்? யாருக்குமே தெரியாது என்றாலும் இதைச் செய்வேனா? இரண்டாவதற்கு 'ஆம்' வந்தால் அது உங்கள் விழுமியம். முதல் வரியில் தினமும் 'திட்டுவாங்க' என்றே இருந்தால், அச்சம். இரவில் மொத்தமாக எழுதாதீர்கள். அதற்குள் மனம் காரணங்களை அழகாக்கிவிடும்.

ஜாமீனுக்கு நோட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். தம்பி தவணை கட்டத் தவறினால் உங்களிடமே வசூலிக்கலாம். கடன் தரும்முன் வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். கையில் 5,000 நிற்கும் சம்பளத்தில் அந்தத் தவணை உங்கள் வீட்டுச் செலவையே தின்றுவிடும்.

"ஜாமீன் போட முடியாதுடா. மூணு மாசத்துக்கு மாசம் ஆயிரம் தர்றேன்." இவ்வளவு போதும். 'பார்க்கலாம்' என்றால் அவன் காத்திருப்பான். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். முதல் வாரம் குற்ற உணர்வு கூடத்தான் செய்யும். அப்போது இறங்கிவிட்டால், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நடக்கும் என்று வீடு கற்றுக்கொள்ளும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

வகுப்புக் கட்டணத்தைச் சம்பள நாளிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னும் சில நாளில் தூக்கம் சீராகவில்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.