பேனல் சா வாங்கும் முன் பட்டறையைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் 20க்கு 40 அடி இடத்தில் மரப் பட்டறை நடத்துகிறேன். வயது 41. மூன்று ஆட்கள், ஆளுக்கு 1,000 ரூபாய் தினக்கூலி. மாதம் 40 பிளைவுட் ஷீட் ஓடுகிறது. ஆர்டர் இருந்தும் சொன்ன தேதிக்கு டெலிவரி கொடுக்க முடியவில்லை. 6 லட்சம் கடன் வாங்கி பேனல் சா (முழு பிளைவுட் ஷீட்டை நேராக அறுக்கும் பெரிய மெஷின்) போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 11% வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 13,000 ரூபாய் வரும். கிட்டத்தட்ட அதே தொகை இப்போதே உங்கள் பட்டறையில் விரயமாகிக்கொண்டிருக்கலாம். கீல், ஸ்க்ரூ தேடுவதிலும் அடியில் கிடக்கும் ஷீட்டை உருவுவதிலும் ஓர் ஆளுக்கு நாளைக்கு முக்கால் மணி நேரம் போனால், 25 நாளில் மூவருக்கும் சேர்த்து 7,000 ரூபாய் கூலி வீண். ஷீட் 3,000 ரூபாய் என்றால், கழிவில் இரண்டு ஷீட் மிச்சம் பிடித்தாலே இன்னொரு 6,000.

முதலில் டேபிள் சா (மேசை நடுவே பிளேடு சுழலும் அறுவை மெஷின்) நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். 8 அடி ஷீட்டை நீளவாக்கில் அறுக்க, பிளேடுக்கு முன்னும் பின்னும் 8 அடி காலியாக வேண்டும். பல பட்டறைகளில் அது சுவரோரம் நிற்கிறது. பாதி முடிந்த அலமாரியை இரண்டு பேர் தூக்கி நகர்த்திய பிறகுதான் மோட்டாரே ஓடும். உங்களுக்கு 40 அடி நீளம் இருக்கிறது, தாராளம். ஷட்டர் பக்கம் ஷீட், அடுத்து சா, பிறகு மைக்கா ஒட்டும் மேசை, கடைசியில் அசெம்பிளி. வாசல் ஒன்றுதான் என்றால், முடிந்த சாமான் வெளியேற ஒரு ஓரமாக 4 அடி வழி விடுங்கள்.

மிஞ்சும் துண்டுகளின் விளிம்பில் அளவை எழுதி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கட்டிங் லிஸ்ட் கையில் வந்ததும் ஆள் முதலில் போக வேண்டியது அந்த ஸ்டாண்டுக்கு. புது ஷீட் அதற்குப் பிறகு. ஸ்டாண்டு, வயரிங் மாற்றம் எல்லாவற்றுக்கும் 30,000 ரூபாய் ஒதுக்குங்கள், கைக்காசிலிருந்தே.

மூன்று மாதம் ஓட்டிவிட்டு மெஷினைப் பற்றி யோசிக்கலாம். 40 ஷீட்டுக்கு 13,000 தவணை என்றால் ஷீட்டுக்கு 325 ரூபாய். கரண்டும் பிளேடு சாணையும் தனி. வண்டி வாடகை சேர்த்தும் வெளியில் ஜாப் ஒர்க்காக இதைவிடக் குறைவாக அறுத்துத் தருகிறார்கள் என்றால் மெஷின் உங்களுக்குத் தேவையே இல்லை. 80 ஷீட்டைத் தாண்டினால் கணக்கு மாறும். அப்போது மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தை விசாரியுங்கள். 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25% மானியம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்), 5% வட்டி மானியம் கிடைக்கும்.