எல்டிஎல் 118தான், ஆனால் டிரைகிளிசரைடு 290. ரத்தக்குழாய் அடைப்புக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியில் தந்திருக்கும் அளவுகள்: மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால் என்பது) 34, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 290, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பது) 118. டிரைகிளிசரைடுதான் குழாயில் படிந்து அடைக்குமா என்பது சந்தேகம். அடைக்காது. ஆனால் இந்த 118ஐப் பார்த்து நிம்மதியடையவும் கூடாது.

கொழுப்பு ரத்தத்தில் கரையாது. புரதம் போர்த்திய நுண்துகள்களில் ஏறித்தான் பயணிக்கிறது. எல்டிஎல் துகளின் குறுக்களவு 20 முதல் 25 நானோமீட்டர். ஏறக்குறைய 70 நானோமீட்டருக்குள் இருக்கும் துகள் எதுவும் தமனியின் உள்படலத்தைத் தாண்டிச் சுவருக்குள் போய்விடும். போனவற்றில் பல திரும்பிவிடும். சில அங்குள்ள புரோட்டியோகிளைக்கன் இழைகளில் மாட்டிக்கொள்ளும். மாட்டவைப்பது துகளின் மேலுள்ள அபோபி என்ற புரதம். மாட்டிய துகள் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை விழுங்க வெள்ளணுக்கள் வருகின்றன. அவை டிரைகிளிசரைடை உடைத்து எரித்துவிடும். கொலஸ்ட்ராலின் வளையத்தை உடைக்க அவற்றால் முடியாது. அதனால் கொலஸ்ட்ரால் உள்ளேயே சேர்ந்து, அணுக்கள் நுரைபோல உப்பி, கடைசியில் செத்துக் குவிகின்றன. அடைப்பின் கரு இதுதான்.

இதெல்லாம் சுவருக்குள்ளே நடக்கிறது. குழாயில் அழுக்குப் படிவதுபோல நினைத்தால் தப்புக்கணக்காகிவிடும். தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுப்பதால், ரத்தம் ஓடும் வழி வெகுகாலம் குறுகாமலே இருக்கும். டிரெட்மில் பரிசோதனையும் நார்மல் என்றே வரலாம். ஆபத்து, குவியலை மூடியிருக்கும் நார்ப்படலம் மெலிவதில் இருக்கிறது. அது 65 மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை அடைப்பதுதான் பெரும்பாலான மாரடைப்பு.

ஆகவே கேட்க வேண்டியது, சுவரில் முட்டும் துகள்கள் எத்தனை என்பது. எல்டிஎல்லோ, டிரைகிளிசரைடு நிறைந்த துகளின் மிச்சமோ, ஒவ்வொன்றிலும் அபோபி ஒன்றே ஒன்றுதான். அபோபியை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டைப் போட்டுப் பார்ப்போம். 118 என்பது அநேகமாக நேரடியாக அளந்ததல்ல, 210 − 34 − (290 ÷ 5) என்ற கணக்கு. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும்; டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 176. அபோபி உள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து சுமக்கும் கொலஸ்ட்ரால் இது; எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் என்பார்கள். மொத்தம் 200, எச்டிஎல் 55, டிரைகிளிசரைடு 100 உள்ள ஒருவருக்கு எல்டிஎல் 125, உங்களைவிட அதிகம். ஆனால் அவருடைய எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் 145தான். உங்களுக்கு டிரைகிளிசரைடு கூடுதலாக இருப்பதால் எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அதே கொலஸ்ட்ராலை அதிகத் துகள்கள் சுமக்கின்றன. பரவாயில்லை என்று தோன்றும் எல்டிஎல்லுக்குள் அதைவிடப் பெரிய துகள் கூட்டம் ஒளிந்திருக்கலாம்.

டிரைகிளிசரைடை மட்டும் குறைத்தால் போதாதா? 2022இல் வெளியான புராமினென்ட் ஆய்வில், நீரிழிவுள்ள சுமார் 10,500 பேரில் பாதிப் பேருக்குப் பெமாஃபைப்ரேட் என்ற டிரைகிளிசரைடு குறைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். டிரைகிளிசரைடு 26% குறைந்தது, அபோபி சுமார் 5% கூடியது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ரிப்போர்ட்டில் ஒரு எண் அழகாவதும் தமனி பிழைப்பதும் வேறு வேறு. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் மட்டும் கதை மாறும். அப்போது கணையம் வீங்கும் ஆபத்துக்காகவே அதை முதலில் இறக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: அபோபி பரிசோதனை, அதோடு தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரில் புரதம். இந்த மூன்றில் எது கெட்டாலும் ரத்தக் கொழுப்பு ஏறும். எல்டிஎல் போன்ற இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன்(ஏ)யை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், அதன் அளவு பரம்பரையாக வருவது. எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் நடுத்தர ஆபத்துள்ளவருக்கு 130க்குள், அதிக ஆபத்துள்ளவருக்கு 100க்குள், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 85க்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதயநல வழிகாட்டுதல். மது, சர்க்கரை, மாவுப்பண்டங்களைக் குறைத்து எடையில் 5 முதல் 10% இறக்கினால் டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும். எல்டிஎல் இறங்க நெய், வெண்ணெய் போன்றவற்றிலுள்ள நிறைகொழுப்பையும் குறைக்க வேண்டும்.

மருத்துவர் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) எழுதினால், 4 முதல் 12 வாரத்தில் மறுபரிசோதனை செய்யுங்கள். மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் மேலும் 6% அளவே குறையும். எசெட்டிமைப் என்ற வேறொரு மாத்திரையைச் சேர்த்தால் சுமார் 20% குறையும். போதவில்லையென்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். ரிப்போர்ட் நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே வந்துவிடும்.