மாதவிலக்கா, மாத்திரையா? சிஸ்டரிடம் கேட்டவை

மார்த்தாண்டம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாதவிலக்கு, கருத்தடை மாத்திரை பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கருங்கல்: சிஸ்டர், மாத்திரை சாப்பிட்டும் மாதாமாதம் தேதி தவறாமல் வருகிறது. அப்படியென்றால் உடம்பு இயல்பாகத்தானே இருக்கிறது?

அந்தத் தேதி மாத்திரை குறித்துக் கொடுத்த தேதி, உங்கள் உடம்பு குறித்தது இல்லை. அரசு தரும் கருத்தடை மாத்திரையான மாலா-என் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 28 மாத்திரையில் 21தான் ஹார்மோன். நிறம் மாறியிருக்கும் மீதி 7 இரும்புச்சத்து. ஹார்மோன் சாப்பிடும் நாளெல்லாம் முட்டை வெளிவராமல் தடுக்கப்படுகிறது. ஹார்மோன் நின்றதும் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிர்கிறது. அதைத்தான் நீங்கள் மாதவிலக்கு என்று எண்ணுகிறீர்கள். இதனால் உடம்பு கெட்டுவிட்டதாக அர்த்தம் இல்லை. ஆனால் இதை வைத்து "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று முடிவு கட்டவும் முடியாது. நிறுத்திய பிறகுதான் உங்கள் சொந்தச் சுழற்சி எப்படி என்பது தெரியும்.

பேச்சிப்பாறை: எனக்குப் பத்து நாள் வரை போகும். இயற்கையாகப் போவதைத் தடுக்கக்கூடாது என்று மருந்தே எடுப்பதில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போனால் தலை சுற்றுகிறது.

மக்களே, இயற்கை என்று சொல்லி ரத்தசோகையை வளர்க்காதீர்கள். 21 முதல் 35 நாளுக்கு ஒரு தடவை வந்து, ஏழெட்டு நாளுக்குள் நின்றால் பரவாயில்லை. பத்து நாள் போவதும், மணிக்கு ஒரு நாப்கின் நனைவதும், கட்டிகட்டியாக விழுவதும் சாதாரணம் இல்லை. முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், பிறகு ஸ்கேன். தைராய்டா, கர்ப்பப்பையில் நார்க்கட்டியா என்று காரணம் தெரிய வேண்டும். நீங்கள் பயப்படும் அதே ஹார்மோன் மாத்திரை பலருக்கு உதிரப்போக்கையும் வயிற்றுவலியையும் நன்றாகவே குறைக்கும். ஹார்மோன் வேண்டாம் என்றால் அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரனெக்சாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. எது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டும் வேண்டாம்.

குலசேகரம்: மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் போடும் அந்தரா கருத்தடை ஊசி இரண்டு போட்டாச்சு, இப்போது வருவதே இல்லை. கெட்ட ரத்தம் உள்ளே கட்டிவிடும் என்கிறார் மாமியார்.

கர்ப்பப்பையில் கெட்ட ரத்தம் என்று எதுவும் சேர்வதில்லை. ஊசி உள்ளவரை உள்சவ்வு மெலிந்தே இருக்கும், உதிர்வதற்கு ஒன்றும் இராது. முதலில் சொட்டுச் சொட்டாகப் போய், பிறகு நின்றுபோவது இந்த ஊசியின் வழக்கம்தான். மூன்று மாதக் கெடு தள்ளிப்போயிருந்தால் மட்டும் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிலருக்கு எடை கூடும். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். சீக்கிரம் அடுத்த பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

தக்கலை: 19 வயது மகளுக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இது எதற்கு? பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடாதா?

மாத்திரையால் மலடு வராது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மாதங்களில் முட்டை வெளிவர ஆரம்பிக்கும். ஆனால் மாத்திரை பிசிஓடியைக் குணப்படுத்தாது என்பதும் உண்மை. சாப்பிடும் வரை மாதவிலக்கையும் முகப்பருவையும் கட்டுக்குள் வைக்கும், அவ்வளவுதான். நாலைந்து மாதம் வராமலே இருந்தால் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், அது நல்லதில்லை, அதற்காகவும்தான் கொடுக்கிறார்கள். எடை அதிகம் என்றால், கொஞ்சம் குறைந்தாலே பலருக்குத் தானாக வரத் தொடங்கும். நடையும் சாப்பாடும் கூடவே நடக்கட்டும். ராத்திரி மரச்சீனியும் பரோட்டாவும் வேண்டாம் என்றால் என்னைத் திட்டுவீர்கள், தெரியும்.

குளச்சல்: மண்டைக்காடு கோயில் மாசிக் கொடைக்குப் போக, தள்ளிப்போடும் மாத்திரை எடுக்கலாமா?

நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, தினம் மூன்று வேளை சாப்பிடுவது வழக்கம். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எப்போதாவது ஒரு தடவை என்றால், நோய் எதுவும் இல்லாதவர்களுக்குப் பெரிய பாதகம் இல்லை. என் கோபம் வேறு. போன மாதம் அண்ணன் மாலை போட்டார், இந்த மாதம் மைனி வீட்டில் பால்காய்ப்பு, அடுத்த மாதம் கொடை என்று ஒரே பெண்ணை மாற்றி மாற்றி விழுங்க வைக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பிலும் ஒரு கேள்வி கேட்பதில்லை. இந்த மாத்திரையில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாக மாறும், அது ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள் தொடவே கூடாது. இந்தக் கணக்கில் சாப்பிடுவது கருத்தடையும் ஆகாது.

நாகர்கோவில்: வயது 38. தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் வெட்டுகிறது. மாத்திரையைத் தொடரலாமா?

வேண்டாம். இன்றே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள், அதுவரை ஆணுறை. மின்னல் வெட்டும் ஒற்றைத் தலைவலியும் மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும். பிரஷர் பார்க்காமல் இந்த மாத்திரையை ஆரம்பிக்கவே கூடாது. உங்களுக்குக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பொருந்தலாம், ஆனால் முதல் சில மாதம் போக்கு அதிகமாகும். சாயா என்ற கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் இல்லாதது: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று.

அருமனை: மாத்திரையால் கேன்சர் வருமா?

மார்பகப் புற்றுநோய் ஆபத்து சிறிதளவு கூடும், சினைப்பை, கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் ஆபத்து குறையும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

குழித்துறை (கேட்டவர் ஆண்): வளைகுடாவில் வேலை. வருடம் ஒரு தடவை லீவில் வருவேன். அந்த நாட்களுக்கு மட்டும் மனைவி மாத்திரை சாப்பிட்டால் போதுமா?

நீங்கள் கேட்டதே சந்தோஷம். வந்து இறங்கிய அன்று ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு கிடைக்காது, ஏழு நாளாவது ஆணுறை வேண்டும். ரத்தம் உறையும் ஆபத்து ஆரம்ப மாதங்களில்தான் அதிகம்; நிறுத்தி நிறுத்தி ஆரம்பித்தால் ஒவ்வொரு தடவையும் அந்த ஆரம்ப காலம் திரும்ப வரும். வருடத்தில் சில வாரத்துக்காக அவர் இதைச் சுமக்க வேண்டுமா? அவசரக் கருத்தடை மாத்திரையை வாரம் ஒன்றாக விழுங்குவதும் வழி இல்லை. நீங்கள் ஆணுறை போடுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாங்க வெட்கமாக இருந்தால் வரும்போதே பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள்.